நாமக்கல் வழியாக ஒரு குளிர் உலகம்

குளிர் என்றால் சேலத்து ஜனங்களுக்கு ஏற்காடுதான். மார்கழியில் ஏற்காடு போகிறவர்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு முன்பே கம்பளிச் சட்டைகள் வெயிலில் காயும். காதுக்குப் பஞ்சு, தலைக்கு மஃப்ளர், பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி என்று வீடே அமர்க்களப்படும். மேலே போய்ப் பார்த்தால் விடியற்காலையில் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி இருக்கும். "பல் கிட்டிப் போய்விட்டது போங்கள்!" என்று திரும்பி வந்து ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்று உங்களை அதைவிடச் 'சற்று' அதிகமாகக் குளிரும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 220 டிகிரி சென்டிகிரேட். பயப்படாதீர்கள், கம்பளி வேண்டாம். நாம் போகிற வழி நாமக்கல் வழி. கையில் ஒரு விசிறியும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தால் போதும்.

இந்தப் பயணம் தொடங்கியது நான் செய்த ஒரு தப்பினால். அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆடிப் பெருக்குக்குச் சேலத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அஸ்தம்பட்டியில் வீடு. அண்ணனுக்கு ஒரே பெண், பத்து வயது. அவளுடைய மேஜைக்கு மேலே சுவரில், பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு வர்ணப் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். நீலமும் சாம்பலும் கலந்த ஒரு பெரிய உருண்டை. அதன் பின்னால் இருட்டில், நெற்றிக் குங்குமம் மாதிரி சிவப்பாக ஒரு நட்சத்திரம். பார்த்தாலே உடம்பு சிலிர்க்கும் படம்.

"அத்தை, இது எப்படி எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

மூக்குக் கண்ணாடி கூடத்தில் இருந்தது. எழுந்துபோக எனக்குச் சோம்பல். "ரொம்ப தூரத்தில் உள்ள ஒரு கிரகம் கண்ணு. பெரிய தொலைநோக்கியால் போட்டோ பிடித்திருக்கிறார்கள்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், நான் சொன்னதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். படத்தின் அடியில் எறும்பு போல் ஒரு வரி இருந்ததாம், 'ஓவியரின் கற்பனை' என்று. அதை ஒரு பையன் உரக்கப் படித்துவிட்டான். வகுப்பே சிரித்ததாம். சாயங்காலம் வந்தவள் என்னிடம் பேசவில்லை. படம் சுவரில் இல்லை. நான் போய்க் கேட்டதற்கு ஒரே பதில்தான் வந்தது: "நீங்க பொய் சொல்லீட்டீங்க அத்தை. படமும் பொய்தான்."

என் பொய்க்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் படமும் பொய்தானா? அதற்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

லாரி நம்பர் போல் ஒரு பெயர்

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மொட்டை மாடிக்குப் பாயைக் கொண்டுபோனோம். ஆடிக் காற்று மேகத்தைக் கலைத்திருந்தது. தெற்கே வாலைத் தூக்கிக்கொண்டு விருச்சிக ராசி. அதற்குக் கிழக்கே தனுசு. "அந்தத் தனுசுப் பக்கம்தான் இருக்கிறது உன் கிரகம்" என்று காட்டினேன். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டுதான் பேசினேன்.

அந்தக் கிரகத்தின் பெயர் ஓகிள்-2005-பிஎல்ஜி-390 எல்பி. "லாரி நம்பர் மாதிரி இருக்குதே!" என்றாள். லாரிகளுக்கு மத்தியில் வளர்ந்த குழந்தைக்கு வேறென்ன தோன்றும்? அமெரிக்க விண்வெளிக்காரர்களும் இந்தப் பெயர் வாயில் நுழையாமலோ என்னவோ, 'ஹோத்' என்று ஒரு செல்லப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். சினிமாப் படம் ஒன்றில் வரும் பனிக் கிரகத்தின் பெயர் அது.

ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படி ஓடியும், அங்கே புறப்பட்ட ஒளி இங்கே வந்து சேர ஏறக்குறைய 21,500 வருஷம் ஆகும். கிரகத்தின் எடை நம் பூமியைப்போல் சுமார் ஐந்தரை மடங்கு. அது சுற்றுகிற சூரியன் நம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள ஒரு சிவப்பு நட்சத்திரம், மங்கலான விளக்கு. அதையும் கிட்ட இருந்து சுற்றவில்லை. நாம் சூரியனுக்கு எவ்வளவு தூரமோ, அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் எட்டி நின்று சுற்றுகிறது. ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய பத்து வருஷம்.

"அப்போ எனக்கு அங்கே ஒரு வயசுதானா?"

"ஆமாம். ஆண்டு நிறைவுப் பாயசம் இப்போதுதான் வைக்க வேண்டும்" என்றேன். கோபம் கொஞ்சம் குறைந்தது.

இத்தனை சின்ன விளக்கை இத்தனை தூரத்தில் வைத்துக்கொண்டால் சூடு எங்கிருந்து வரும்? அதனால்தான் 220 டிகிரிக் குளிர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட குளிர் என்று வீட்டுக் கணக்கில் பாருங்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற மேல் தட்டு பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. பூமியில் தரையில் இதுவரை அளந்த குளிரில் மிகக் கொடியது, தென் துருவப் பிரதேசத்தில் வாஸ்டாக் என்ற இடத்தில் 1983-ம் வருஷம் ஜூலை 21-ம் தேதி பதிவான 89.2 டிகிரி. அதைவிட இது 130 டிகிரி கீழே. நம் காற்றைக் கொண்டுபோய் அங்கே வைத்தால், காற்றே உறைந்து வெண்பொடியாகத் தரையில் விழுந்துவிடும். காலையில் எழுந்து வாசலில் காற்றைப் பெருக்கித் தள்ள வேண்டியதுதான்!

"இதெல்லாம் யாரும் பார்க்காமலே எப்படித் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்.

ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் இன்னொரு நட்சத்திரம் குறுக்கே வந்தால், முன்னதன் ஈர்ப்புச் சக்தி பின்னதன் ஒளியை வளைத்துக் குவிக்கும். பூதக்கண்ணாடி போல. பின்னால் இருக்கிற நட்சத்திரம் சில வாரங்கள் அதிகப் பிரகாசமாகத் தெரிந்துவிட்டு, மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும். ஐன்ஸ்டைன் 1936-ல் இதைக் கணக்குப் போட்டு எழுதியபோது, இதை யாரும் நேரில் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றுதான் நினைத்தார். ஆனால் 2005-ம் வருஷம் ஜூலை 31-ம் தேதி தனுசுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இப்படி மூன்று மடங்கு பிரகாசம் அடைந்தது. பிறகு மங்கத் தொடங்கியது. ஆகஸ்டு 10-ம் தேதி, மங்கிக்கொண்டிருந்த ஒளியில் திடீரென்று ஒரு சின்ன மேடு. ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. சிலி நாட்டில் வானம் விடிய, ஆஸ்திரேலியாவில் இருந்தவர்கள் பார்வையைத் தொடர்ந்தார்கள். முன்னால் வந்த நட்சத்திரத்தோடு கூட ஒரு சின்னத் துணை இருக்கிறது என்று அந்த மேடு காட்டிக்கொடுத்தது. அந்தத் துணைதான் இந்தக் கிரகம். 2006 ஜனவரியில் உலகத்துக்குச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், அதுவும் ஓர் ஆடி மாதம்தான். நாம் முளைப்பாரியும் கூழுமாக இருந்த நாளில் யாரோ கண் விழித்து அந்த ஒரு நாள் ஒளியைப் பிடித்திருக்கிறார்கள்.

ஒளி நடுங்குவதைப் பார்த்து உண்மையைப் பிடிக்கிற வித்தை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா? 1977-ம் வருஷம் மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போவதை அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸும் பொல்லாத குளிர்க் கிரகம். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 224 டிகிரி வரை அளந்திருக்கிறார்கள். கிரகம் வந்து மறைக்கும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் குன்றியது. 'யுரேனஸுக்குப் புதிதாக ஒரு சந்திரன் போலிருக்கிறது' என்று காவலூர்க்காரர்கள் முதலில் எண்ணி எழுதினார்கள். மற்ற இடங்களில் பார்த்தவர்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, அது சந்திரன் அல்ல, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. முதலில் நினைத்தது தப்பு. ஆனால் அது பொய்யா? இல்லையே! திருத்திக்கொண்டார்களே!

குழந்தை கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்தாள். பிறகு, "எடை தெரியும், தூரம் தெரியும், குளிர் தெரியும். சரி. அந்த நீல நிறம்? அந்தப் பாறை, பள்ளம்? அதெல்லாம் எதை வைத்து வரைந்தாங்க?" என்றாள்.

நான் விழித்தேன். அண்ணன்தான் கைகொடுத்தான். "பார்க்காத ஊரைப் பார்த்த ஊரை வைத்துத்தானே நினைக்க முடியும்? தாளில் வரைகிறதாவது பரவாயில்லை. போய் நிற்க முடியாத ஓர் உலகத்தை மண்ணாலேயே செய்து பார்த்திருக்கிறார்கள், தெரியுமா? அந்த மண் நம்ம நாமக்கல் பக்கத்து மண். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்."

குச்சிக்கிழங்கும் கோழிப் பண்ணையும்

காலை ஆறு மணிக்கே காரில் புறப்பட்டோம். அண்ணி எலுமிச்சம்பழச் சாதமும் மோர் மிளகாயும் கட்டிக்கொண்டாள். கொண்டலாம்பட்டி தாண்டி, மல்லூர் தாண்டி, நாமக்கல் சாலையில் கார் பறந்தது. இந்தச் சமவெளிக்கு ஒரு தனி அழகு உண்டு. தஞ்சாவூர்ப் பச்சை இங்கே கிடையாது. சிவந்த மண்ணும் பனைமரமும் திடீர் திடீரென்று தலைகாட்டும் கரடுகளும்தான். இடையிடையே குச்சிக்கிழங்குக் காடுகள். மற்ற ஊரார் மரவள்ளி என்பதை இங்கே குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் பாயசத்துக்குப் போடுகிறீர்களே ஜவ்வரிசி, அது இந்தக் கிழங்கிலிருந்து வருகிறது. ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் பார்த்தபோது எனக்கு அந்தக் குளிர்க் கிரகத்தின் ஞாபகம்தான் வந்தது. கிட்டப் போனால் கொதிக்கிற வெயில்!

ராசிபுரம் பிரிவு தாண்டியதும் கிழக்கே கொல்லிமலை நீலச் சுவர் மாதிரி கூடவே வந்தது. மேற்கே நீள நீளமாகக் கோழிப் பண்ணைகள். உங்கள் வீட்டு முட்டை எந்த ஊரில் இருந்தாலும் இந்த ஊரிலிருந்து வந்திருக்கக்கூடும்.

நாமக்கல்லில் ஆஞ்சநேயரைத் தரிசிக்காமல் போகலாமா? பதினெட்டு அடி உயரம். மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் தலையில்தான். எதிரே ஒற்றைக் கல்லாக நிற்கும் மலை, மேலே கோட்டை, அடிவாரத்தில் நரசிம்மரும் நாமகிரித் தாயாரும். கணித மேதை ராமானுஜனின் குடும்பம் வழிபட்ட தெய்வம் இந்தத் தாயார். தமக்குத் தோன்றும் சூத்திரங்கள் தாயாரின் அருள் என்று அவர் சொல்வதுண்டு. அவர் 1920-ல் மறைந்தார். நோட்டுப் புத்தகங்களில் அவர் எழுதி வைத்துப் போனதையெல்லாம் சரிதானா என்று பார்த்து நிரூபிக்க, மற்ற மேதைகளுக்குப் பல பத்து வருஷங்கள் பிடித்தன. எங்கிருந்து தோன்றினால் என்ன? பிறகு உரைத்துப் பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

தயிர்சாதக் கல்

நாமக்கல்லிலிருந்து மேற்கே திரும்பி, பரமத்தியில் விசாரித்துக்கொண்டு, திருச்செங்கோட்டுப் பக்கமாகப் போனால் சித்தம்பூண்டி. பெரிதாக ஒன்றும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வேலமரம், பனைமரம், மேய்கிற வெள்ளாடு, தரையோடு தரையாகத் தலை நீட்டும் பாறை. அவ்வளவுதான். ஆனால் குனிந்து அந்தப் பாறையைப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலுமாக, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருக்கும். "தயிர்சாதத்தில் கடுகு தாளித்த மாதிரி இல்லை?" என்றாள் அண்ணி. அதைவிட நன்றாக எந்த நிலவியல் பண்டிதரும் சொல்லிவிட முடியாது.

இந்தக் கல்லுக்கு அனார்த்தோசைட் என்று பெயர். ஏறக்குறைய 250 கோடி வருஷத்துப் பழைய கல். பூமியின் ஆழத்தில் நெருப்புக் குழம்பாக இருந்து மெல்ல மெல்ல ஆறி, அடுக்கு அடுக்காகப் படிந்து உறைந்தது. இதே பக்கத்தில் குருந்தக்கல்லும் கிடைக்கிறது. கெட்டியில் வைரத்துக்கு அடுத்த கல் அது, சாணை பிடிக்க உதவும். அதுவே தெளிவாகவும் நிறத்தோடும் அமைந்துவிட்டால் சிவப்புக்கு மாணிக்கம், நீலத்துக்கு நீலக்கல். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு 'கொரண்டம்' என்று பெயர் வைத்தது நம் 'குருந்தம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டுதான்.

சந்திரனில் பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைக்குக் காட்டுவோமே, அந்தக் கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். அவற்றைச் சுற்றி வெள்ளையாகப் பளிச்சிடுவதெல்லாம் மேட்டு நிலம். 1969-ல் அப்போலோ-11 கொண்டுவந்த மண்ணில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. பரிசோதித்துப் பார்த்தால் அனார்த்தோசைட்! சந்திரனின் மேட்டு நிலமெல்லாம் இந்த ஜாதிக் கல்தான் என்று அதிலிருந்து ஊகித்தார்கள்.

நம் நாட்டார் சந்திரயான்-2-ஐத் தயார் செய்தபோது ஒரு சங்கடம் வந்தது. சந்திரனின் தென் துருவத்துக்கு அருகே வண்டியை இறக்கி ஓட்ட வேண்டும். அங்கே மேட்டு நிலம். அந்தத் தரையில் சக்கரம் புதையுமா, வழுக்குமா, ஏறுமா என்று இங்கேயே ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்? சந்திர மண்ணைப்போல் செய்த மண் அமெரிக்காவில் கிடைக்கும். விலை கிலோவுக்கு 150 டாலர். தேவைப்பட்டதோ 60, 70 டன்! சந்திரயான் திட்டத்தில் பெரும் பங்கு வகித்த மயில்சாமி அண்ணாதுரை பின்னால் சொன்ன கணக்கு இது.

'காவிரி மணலைக் கொட்டினால் ஆகாதா?' என்று தோன்றும். ஆகாது. ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய மணல். சந்திரனில் ஓடுகிற தண்ணீரும் இல்லை, வீசுகிற காற்றும் இல்லை. அங்கே உள்ள தூள் உடைந்தது உடைந்தபடியே கூராக இருக்கும். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ரவையில் விரலை விடுவதற்கும் கோலப்பொடியில் விரலை விடுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? அதைப்போல.

அதனால் சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினரும் வேறு பல நிபுணர்களும் உதவினார்கள். சேலத்துக் கல் அரைவை ஆலைகளில் உடைத்து, நுணுக்கி, எத்தனை பருமனில் எவ்வளவு வேண்டும் என்று பிரித்து, பெங்களூருக்கு அனுப்பினார்கள். நாம் மாவு சலிப்பதுபோலத்தான், என்ன, டன் கணக்கில்! இதற்காக 25 கோடி ரூபாய் ஒதுக்க எண்ணியிருந்தார்களாம். உதவி செய்தவர்கள் காசு வேண்டாம் என்றுவிட்டதால் அந்தச் செலவு மிச்சம் என்று அண்ணாதுரை சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்த மண்ணுக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது.

பெங்களூரில் ஒரு பெரிய கூடத்தில் அந்த மண்ணைப் பரப்பி, சந்திரனில் விழும் வெயில் போல் விளக்குப் போட்டு, வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்குதானே? 27 கிலோ வண்டி அங்கே நாலு கிலோ சொச்சம்தான் கனக்கும். அதற்காக வண்டியை ஹீலியம் பலூனில் கட்டி, மேலே இழுத்துப் பிடித்தபடி ஓட்டினார்கள். நடை வண்டி பழகுகிற குழந்தையை அம்மா அக்குளில் தாங்கிக்கொள்வதுபோல!

நாங்கள் பாறையடியில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரிக்கும்போது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"எந்த ஊருங்க அம்மிணி? கல்லுப் பாக்க வந்தீங்களா?"

"சேலத்திலிருந்து வருகிறோம் அம்மா. சாப்பிடுகிறீர்களா?"

"நீங்க சாப்பிடுங்க, கண்ணுக்குக் குடுங்க. எங்கூருக் கல்லு நெலாவுக்குப் போச்சாமுங்களே?"

புதிதாய்க் கற்ற உண்மை வாயில் துருதுருக்க, குழந்தை முந்திக்கொண்டாள். "இல்லைங்க பாட்டி. நிலாவுக்குப் போகலை. பெங்களூருக்குத்தான் போச்சு. அங்கே நிலா மாதிரி செஞ்சு வண்டி ஓட்டிப் பாத்தாங்க."

அந்த அம்மாள் வருத்தப்படவில்லை. "அதுவுஞ் செரிதான் கண்ணு. புள்ளைக்கு மொதல்ல நடை பழக்கறது நம்ம வாசல்லதானே? அப்பறந்தான் அது ஊருக்குள்ள போயி நடக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த ஒரு நாள் மாலை

வாசலில் பழகியது ஊருக்குள் நடந்ததா? அதுதானே முக்கியம்?

2019-ம் வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி விடியற்காலம் உங்களுக்கு மறந்திருக்காது. பலர் வீட்டில் குழந்தைகள்கூடத் தூங்காமல் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரனின் தரைக்கு இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் விக்ரம் பேச்சை நிறுத்திவிட்டது. இறங்குகிற வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாமல் மோதிவிட்டது. மண்ணில் குற்றம் இல்லை. ஆனால் நாமக்கல் மண்ணில் பழகிய வண்டி சந்திர மண்ணில் ஓர் அடிகூட நடக்காமலே போயிற்று. அன்று அழுதவர்களில் நானும் ஒருத்தி.

எங்கே தவறியது என்று தேடி, இன்னும் எங்கெல்லாம் தவறக்கூடும் என்றும் நினைத்துப் பார்த்து, கால்களைக் கெட்டிப்படுத்தி, மறுபடி சோதனை செய்து, மறுபடி அனுப்பினார்கள். 2023-ம் வருஷம் ஆகஸ்டு 23-ம் தேதி, சாயங்காலம் 6 மணி 4 நிமிஷம். வீட்டில் விளக்கேற்றுகிற நேரம். சந்திரயான்-3 தென் துருவப் பக்கத்தில் மெத்தென்று இறங்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அந்தத் திட்டத்தின் இயக்குநர். பிரக்யான் வண்டி இறங்கி, புதையாமல் கவிழாமல் நூறு மீட்டருக்கு மேல் நடந்தது.

நடந்ததோடு நிற்கவில்லை. வழியில் 23 இடங்களில் மண்ணைப் பரிசோதித்தது. அதன் முடிவு 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. என்ன மண் தெரியுமா? இரும்புச் சத்துக் கலந்த அனார்த்தோசைட் ஜாதி! நம்முடைய தயிர்சாதக் கல்லுக்கு உறவு. பிறந்த புதிதில் சந்திரன் முழுவதும் நெருப்புக் குழம்பாக இருந்தது, லேசான கல் மேலே மிதந்து உறைந்து மேட்டு நிலம் ஆயிற்று என்று அறிஞர்கள் நினைத்து வந்ததற்கும் இது பலம் சேர்த்தது. சித்தம்பூண்டிக் கல்லை அரைத்துப் போட்ட அந்தச் 'சித்திரம்' சரியாகவே இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். 2023 செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கே பொழுது சாயப்போகிற சமயம், விக்ரமையும் பிரக்யானையும் தூங்க வைத்தார்கள். சந்திரனின் ராத்திரி நமக்குப் பதினாலு நாள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரிக்கும் போகும். விடிந்தபின் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் எழுந்திருக்கவில்லை. குளிர் என்றால் அதுதான் குளிர். சந்திரனின் துருவங்களில் சூரியனையே காணாத பள்ளங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் 230 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்குகிறது.

"அப்போ, அந்தத் தூரத்துக் கிரகத்துக் குளிர் நம்ம நிலாவிலேயே இருக்குதா?" என்று குழந்தை கண்ணை அகல விரித்தாள்.

ஆமாம். 21,500 ஒளி வருஷம் போக வேண்டாம். மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் போதும்.

சுவரில் திரும்ப வந்த படம்

வீடு திரும்ப ராத்திரி ஆகிவிட்டது. மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். மேஜைக்கு மேலே அந்தப் படம் திரும்பவும் வந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தாள். நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'தெரிந்தது' என்றும் அந்தப் பக்கம் 'நினைத்தது' என்றும் தலைப்புப் போட்டிருந்தாள். 'தெரிந்தது' என்பதன் கீழே எடை, தூரம், வருஷம், சிவப்புச் சூரியன், கணக்குப் போட்ட குளிர். 'நினைத்தது' என்பதன் கீழே நீல நிறம், பாறை, பள்ளம்.

அவளிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். சந்திரனுக்குப் போட்ட சித்திரத்தை அங்கேயே போய் ஒத்துப் பார்த்துவிட்டோம். இந்தக் கிரகத்துக்கு அது இப்போதைக்கு இல்லை. அதைக் காட்டிக்கொடுத்த அந்த நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று விலகிப் போய்விட்டன. அந்த ஒரு நாள் மேடு திரும்ப வராது. வேறு வழிகளில், இன்னும் கூர்மையான கருவிகளால்தான் அதைத் தேட வேண்டும். அதுவரை அந்தப் படத்தில் தெரிந்தது இவ்வளவு, நினைத்தது இவ்வளவு என்று பிரித்துத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் நம்மால் ஆவது.

"எதாவது புதுசா தெரிஞ்சா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாத்திக்குவேன் அத்தை. அதனாலதான் பென்சிலில் எழுதியிருக்கேன்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை, இப்படி ஒரு படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கும். அவசரப்பட்டு என்னைப்போல் பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். பிறகு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். சேலம் பக்கம் போக நேர்ந்தால், ஏற்காட்டோடு திரும்பிவிடாமல், அந்தத் தயிர்சாதக் கல்லையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.